வேலையை விட்ட பின் மகப்பேற்றுக் கொடுப்பனவு



கனடாவில் மகப்பேற்றுக் கொடுப்பனவு தனியான ஒரு திட்டம் அல்ல. வேலையிழந்தவர்களுக்கான காப்புறுதியின் ஒரு கிளை அது. வேலையின்மைக் காப்புறுதிச் சட்டம் 1940 இல் நிறைவேறியது. 1971 இல் மகப்பேறு அதில் சேர்க்கப்பட்டது. 1996 இல் திட்டத்தின் பெயர் வேலைவாய்ப்புக் காப்புறுதி என மாறியது. பேச்சில் எல்லோருக்கும் அது 'ஈ.ஐ.'தான். கியூபெக் மாகாணம் மட்டும் 2006 முதல் தனக்கென்று வேறொரு பெற்றோர் காப்புறுதியை நடத்துகிறது. மற்ற மாகாணங்களில் விண்ணப்பம் போகும் இடம் சேர்விஸ் கனடா.

இந்தக் காப்புறுதியில் இரண்டு வகைக் கொடுப்பனவுகள் உண்டு. வேலை இல்லாமல் போனவர், வேறு வேலை தேடும் காலத்தில் பெறுவது வழக்கமான கொடுப்பனவு. நோய், மகப்பேறு, பிள்ளை வளர்ப்பு போன்றவற்றுக்குத் தரப்படுபவை சிறப்புக் கொடுப்பனவுகள். தக்க காரணமின்றித் தானாக வேலையை விட்டவருக்கு வழக்கமான கொடுப்பனவு மறுக்கப்படும். அதைக் கேள்விப்பட்டே பல பெண்கள், வேலையை விட்டால் மகப்பேற்றுப் பணமும் போய்விடும் என்று நினைத்து விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். சிறப்புக் கொடுப்பனவுக்கு உரிய வாரங்களில் அந்தத் தடையைச் சட்டமே நிறுத்தி வைக்கிறது. மகப்பேற்றுக் கொடுப்பனவில் முதலில் பார்க்கப்படுவது வேலை ஏன் நின்றது என்பது அல்ல. எத்தனை மணித்தியாலம் வேலை செய்யப்பட்டது, அது எந்தக் காலத்துக்குள் என்பதே.

மணிக்கணக்கு இதுதான்: கோரிக்கை தொடங்குவதற்கு முந்திய 52 வாரத்தில் காப்புறுதிக்கு உட்பட்ட 600 மணித்தியாலம் இருக்க வேண்டும். அந்த 52 வாரத்துக்குள் முன்பே ஒரு கோரிக்கை தொடங்கியிருந்தால், அதற்குப் பிந்திய மணித்தியாலங்கள் மட்டுமே கணக்கில் வரும். வாரம் 37.5 மணித்தியாலம் வேலை செய்பவர் 16 வாரத்தில் இந்த அளவை எட்டுவார். வாரம் 20 மணித்தியாலப் பகுதிநேர வேலையில் அதற்கு 30 வாரம் ஆகும். சம்பளச் சீட்டில் ஈ.ஐ. பிடித்தம் காட்டப்பட்ட வேலைதான் கணக்கு. கையில் காசாக வாங்கிய வேலைக்கு எந்தப் பதிவும் இருக்காது. உண்மையில் ஊழியராக இருந்தும் முதலாளி பிடித்தம் செய்யாவிட்டால், அந்த வேலை காப்புறுதிக்கு உட்பட்டதா என்று தீர்மானிக்கும்படி கனடா வருமான வரித் திணைக்களத்தைக் கேட்கலாம்.

வேலையை விட்ட பெண்ணுக்குச் சிக்கல் வருவது நாட்கணக்கில். மகப்பேற்றுக் கொடுப்பனவு, பிள்ளை பிறக்குமென எதிர்பார்க்கும் நாளுக்கு 12 வாரத்துக்கு முன்னதாகத் தொடங்காது. பேற்று நாள் டிசம்பர் 10 என்றால், மிக முந்திய தொடக்கம் செப்டம்பர் 17 அளவில். மணித்தியாலங்களும் அங்கிருந்து பின்னோக்கி ஓராண்டுக்குள் இருக்க வேண்டும். வாரம் 20 மணித்தியாலம் வேலை செய்த ஒருவர் பெப்ரவரி கடைசியில் விலகினால், முந்திய செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து கணக்கிட 23 வாரமே வரும். அது 460 மணித்தியாலம், போதாது. அதே பெண் ஏப்ரல் கடைசிவரை நின்றால் 32 வாரம், 640 மணித்தியாலம்; தகுதி கிடைத்துவிடும். விலகல் கடிதம் கொடுக்குமுன் நாட்காட்டியை எடுத்து வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவசியம். நோயாலோ கர்ப்பத்தாலோ வேலை செய்ய முடியாமல் போன வாரங்கள் இருந்தால், ஆதாரத்துடன் அந்த 52 வாரத்தை நீட்டிக்கக் கேட்கலாம்.

ஆட்குறைப்பால் வேலை போனவரின் நிலை வேறு. வேலை செய்யக்கூடிய உடல்நிலையில் இருந்து வேலை தேடினால், கர்ப்பிணியும் வழக்கமான கொடுப்பனவு பெறலாம். இந்த உரிமை எளிதில் வந்ததல்ல. கர்ப்பத்தால் வேலையிழந்த ஸ்டெல்லா பிளிஸ், மகப்பேற்றுக் கொடுப்பனவுக்கு வாரங்கள் போதாமல், பேற்றுக்குப் பின் வழக்கமான கொடுப்பனவைக் கேட்டபோது, பேற்றை ஒட்டிய வாரங்களில் அது கிடையாது என்று மறுக்கப்பட்டார். அது பால் பாகுபாடு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1978 இல் தீர்ப்பளித்தது. 1989 இல், புரூக்ஸ் என்ற வேறொரு வழக்கில், அதே நீதிமன்றம் அந்தக் கருத்தைக் கைவிட்டு, கர்ப்பத்தைக் காரணமாக்கி ஒதுக்குவது பால் பாகுபாடே என்றது.

ஆனாலும் இங்கே இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வழக்கமான கொடுப்பனவுக்கு வட்டாரத்தின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணித்தியாலம் கேட்கப்படும். 600 க்குக் குறைவான மணித்தியாலத்தோடு தொடங்கிய கோரிக்கையை மகப்பேற்றுக்கு மாற்ற முடியாது. இரண்டாவது, ஒரே கோரிக்கைக் காலத்தில் இரு வகையும் சேர்ந்தால் சாதாரணமாக மொத்தம் 50 வாரம்தான். பேற்றுக்கு முன் 20 வாரம் வழக்கமான கொடுப்பனவு எடுத்தவருக்குப் பின்னர் மிஞ்சுவது 30 வாரம்.

மகப்பேற்றுக் கொடுப்பனவு தாய்க்கு மட்டும், 15 வாரம். பேற்று நாளுக்குப் பின் 17 வாரம் கடந்தால் அதைப் பெற முடியாது. தொடக்கத்தில் ஒரு வாரம் பணமில்லாக் காத்திருப்பு உண்டு. தொகை, கூடுதலாக உழைத்த வாரங்களின் சராசரிச் சம்பளத்தில் 55 வீதம்; 2025 இல் அதன் உச்சம் வாரம் 695 டொலர். இந்தப் பணத்துக்கு வருமான வரி உண்டு.

அதன் பின் வருவது பெற்றோர் கொடுப்பனவு. வழமையான தெரிவில் ஒருவருக்கு 35 வாரம்வரை, 55 வீதம். இருவர் பகிர்ந்தால் 40 வாரம். நீடித்த தெரிவில் ஒருவருக்கு 61 வாரம்வரை, 33 வீதம். பகிர்ந்தால் 69 வாரம். வாரம் 1,000 டொலர் உழைத்தவருக்கு முதலாவதில் 35 வாரத்துக்கு 19,250 டொலரும், இரண்டாவதில் 61 வாரத்துக்கு 20,130 டொலரும் வரும். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை; வாரக் கையிருப்பில்தான் இருக்கிறது. பெற்றோர் இருவரும் ஒரே தெரிவையே எடுக்க வேண்டும். முதற் பணம் வழங்கப்பட்ட பிறகு தெரிவை மாற்ற முடியாது. திரும்பிச் செல்ல வேலை காத்திருக்கும் பெண் நீடித்த தெரிவைத் தாங்கலாம். வேலையை விட்டவர், புது வேலை தேட வேண்டிய காலத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

விண்ணப்பம் இணையத்தில் செய்யப்படுகிறது. சமூகக் காப்புறுதி இலக்கம், வங்கிக் கணக்கு விபரம், பேற்று நாள், கடந்த 52 வாரத்து வேலைகளின் விபரம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். மகப்பேற்றுக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்கப்படுவதில்லை. வேலை செய்த ஒவ்வொரு இடத்திலிருந்தும் 'ஆர்.ஓ.ஈ.' எனப்படும் வேலைப் பதிவு தேவை. பெரும்பாலான முதலாளிகள் அதை நேரே இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அதில் இரண்டு கட்டங்களைப் படித்துப் பார்க்க வேண்டும். 15ஏ கட்டத்தில் மொத்த மணித்தியாலம் இருக்கும். 16 ஆம் கட்டத்தில் வேலை நின்ற காரணம் ஓர் எழுத்தாக இருக்கும்: ஆட்குறைப்புக்கு 'ஏ', தானாக விலகியதற்கு 'ஈ', மகப்பேற்றுக்கு 'எஃப்'. ஆட்குறைப்பில் போனவருக்கு 'ஈ' என்று எழுதப்பட்டிருந்தால் உடனே திருத்தச் சொல்ல வேண்டும். பதிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கடைசி வேலை நாளிலிருந்து நான்கு வாரத்துக்கு மேல் தாமதித்தால் சில வாரப் பணத்தை இழக்க நேரிடலாம். முன்பே விலகி 12 வார எல்லைக்காகக் காத்திருப்பவர், அந்த எல்லை வந்த வாரத்திலேயே விண்ணப்பிப்பது நல்லது.

உடல்நிலை காரணமாக வேலையைத் தொடர முடியாதவர் விலகல் கடிதம் எழுதுமுன் வேறு வழியைப் பார்க்கலாம். மருத்துவச் சான்றுடன் நோய்க் கொடுப்பனவு 26 வாரம்வரை கிடைக்கும். மகப்பேறு அதைத் தொடர்ந்து வரலாம். ஒன்ராறியோவில், பேற்று நாளுக்கு 13 வாரத்துக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவருக்கு 17 வார மகப்பேற்று விடுப்பும் பின்னர் பெற்றோர் விடுப்பும் சட்டப்படி உண்டு. முடிந்ததும் வேலைக்குத் திரும்பலாம். கொடுப்பனவு மத்திய அரசின் காப்புறுதி, விடுப்பு மாகாணச் சட்டத்தின் உரிமை. வேலையை விட்டவருக்கு முன்னது மிஞ்சும், பின்னது போய்விடும்.

கொடுப்பனவு ஓடும் காலத்தில் பகுதிநேரமாக உழைத்தால், உழைத்த தொகையை அறிவிக்க வேண்டும். பொதுவாக ஒவ்வொரு டொலருக்கும் 50 சதம் கழிக்கப்படும். பிள்ளையோடு யாழ்ப்பாணம் போய் நிற்கும் காலத்திலும் மகப்பேற்றுப் பணமும் பெற்றோர் பணமும் வரும். பயணத்தை அறிவித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், முடிவு கிடைத்த 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்.