மலாக்காவும் திருச்சபைச் சட்டமும்

மலாக்காவில் கடை வைத்திருக்கும் நம்மவரில் கோட்டை வாசலைப் பாராதவர் இருக்க மாட்டார்கள். அக்கோட்டையைக் கட்டிய போர்ச்சுக்கீசியர் தம்முடன் ஒரு பழைய சட்டத்தையும் கொண்டுவந்தனர். பிற சமயத்தாரோடு கிறிஸ்தவர் எவ்வளவு பழகலாம் என்பதே அது.

ஐரோப்பாவில் அது முதலில் யூதரைக் குறித்து எழுந்தது. ஸ்பெயினில் எல்விரா என்னும் ஊரில் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூடிய பிஷப்மார் சபை, யூதருக்குப் பெண் கொடுக்கலாகாது, அவர்களோடு உண்ணலாகாது என்று விதித்தது. பிரான்சில் 506இல் அக்து நகரச் சபை விருந்துத் தடைக்குக் காரணமும் காட்டியது. நம் உணவை யூதர் அசுத்தமென்று ஒதுக்கும்போது அவர்கள் உணவை நாம் உண்பது இழிவாம்! ஹலால் பார்த்து உண்ணும் நமக்கு இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று விளங்காமற் போகாது. 581இல் மாக்கோன் சபை மறுபடியும் அதே தடையைப் போட்டது. ஜனங்கள் கேட்டு நடந்திருந்தால் திரும்பத் திரும்பச் சொல்வானேன்?

லியோன் நகர பிஷப் அகோபார்ட் 820களில் முறையிட்டது வியாபாரிகள் அறியவேண்டிய செய்தி. கிறிஸ்தவர்கள் யூதரிடம் இறைச்சியும் மதுவும் வாங்குகிறார்கள். யூதரின் ஓய்வுநாளான சனிக்கிழமைச் சந்தையையே அதிகாரிகள் வேறு நாளுக்கு மாற்றிவிட்டார்கள் என்று அவர் எழுதினார். 1215இல் ரோமில் கூடிய பெருஞ்சபையோ முஸ்லிம்களையும் யூதரோடு சேர்த்து, இரு சாராரும் உடையால் வேறுபட்டுத் தெரியவேண்டும் என்றது.

1511இல் மலாக்காவைப் பிடித்தவர்கள் இந்த மனப்போக்கோடுதான் வந்தார்கள். பள்ளிவாசல்களின் கற்கள் கோட்டைச் சுவராயின. 1545இல் இங்கு வந்த பிரான்சிஸ் சேவியர் பாதிரியார், யூத, முஸ்லிம் மார்க்கங்களைக் கைக்கொண்டு வாழ்வோரை அடக்க விசாரணை மன்றம் வேண்டும் என்று மறு ஆண்டே தம் அரசருக்கு எழுதினார். 1560இல் அது கோவாவில் ஏற்பட்டது. மலாக்காவும் அதன் அதிகாரத்துக்கு உட்பட்டது. 1567இல் கோவாச் சபை, கிறிஸ்தவர் பிற சமய வைத்தியரை அழைக்கலாகாது என்றது. ஆனால் வைஸ்ராயும் ஆர்ச் பிஷப்புமே நாட்டு வைத்தியரை நம்பினார்கள் என்று, 1580களில் கோவாவில் இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் எழுதி வைத்திருக்கிறார்!

மலாக்காவில் சட்டத்தைவிட வர்த்தகமே பெரிதாயிற்று. வந்ததும் அவர்கள் பெண்டஹாராவாக அமர்த்தியது நினா சத்து என்ற தமிழ் வணிகரை. அவர் இந்து. 1613இல் எரேடியா எழுதிய நூலில், கோட்டைக்கு வெளியே ஆற்றின் மறுகரையில் கம்போங் கிளிங்கும் அங்கே சோழமண்டலக் கரை மக்களும் காணப்படுகின்றனர்.

1641இல் டச்சுக்காரர் வந்தபின் கத்தோலிக்கரே தடைகளுக்கு ஆளானார்கள். அவர்களுடைய புனித பீட்டர் ஆலயம் 1710இல்தான் எழுந்தது. கம்போங் கிளிங் பள்ளிவாசல் 1748இல் மரத்தால் கட்டப்பட்டது. பின்பு 1872இல் செங்கல்லால்.