கை நம்முடையது, அளவு?

ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பக்கம் மனை வாங்கிப் போட்டவர்களுக்கு ஓர் ஆசை உண்டு: காண்டிராக்டரிடம் விடாமல் நாமே இறங்கிக் கட்டினால் என்ன? தாராளமாகக் கட்டலாம். மணலைச் சலிப்பதற்கு முன்னால், காதில் விழும் பேச்சுகளைக் கொஞ்சம் சலித்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வெறும் மணல், வீடு இறங்கிவிடும்.
உண்மை: 1987-இல் குடமுழுக்கு கண்ட 13 நிலை ராஜகோபுரம் இதே தீவில்தான் 236 அடி உயரத்துக்கு நிற்கிறது. நகர வழியில்லாமல் அடைபட்ட மணல் பாரம் தாங்கும். வம்பு செய்வது இடையில் ஒளிந்திருக்கும் களிமண்ணும், வயலையும் குட்டையையும் நிரப்பக் கொட்டிய மண்ணும்தான். வானம் தோண்டியதும் பொறியாளரை ஒருமுறை குழியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: நாமே உழைத்தால் செலவு பாதியாகும்.
உண்மை: ஆகாது. சிமென்ட், கம்பி, செங்கல் விலை நம் வியர்வையைப் பார்த்து இறங்காது. மிச்சமாவது கூலியில் ஒரு பங்கு. வானம் தோண்டலாம், மண் நிரப்பலாம், கல் சுமக்கலாம், பெயின்ட் அடிக்கலாம். கம்பி கட்டு, சென்ட்ரிங், வயரிங் மூன்றையும் தெரிந்தவர் கையில் விடுங்கள்.

நம்பிக்கை: ஆற்று மணல்தான் அசல், எம்-சாண்ட் போலி.
உண்மை: பாறையை உடைத்து முறையாகத் தயாரித்த மணலை இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383 ஏற்கிறது. குவாரித் தூசியை அந்தப் பெயரில் விற்பதுதான் போலி. ஆற்று மணலிலும் வண்டல் உண்டு. கண்ணாடி பாட்டிலில் மணலும் தண்ணீரும் சிட்டிகை உப்பும் போட்டுக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலே படியும் வண்டல் மணலின் அளவில் 8 சதவீதத்தைத் தாண்டினால் கழுவாமல் கலக்காதீர்கள்.

நம்பிக்கை: தண்ணீர் தாராளமாக விட்டால் காங்கிரீட் நன்றாக அமரும்.
உண்மை: 50 கிலோ மூட்டைக்கு ஏறக்குறைய 25 லிட்டர் போதும். மிஞ்சிய நீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளை, பலம் குறையும். தாராளம் வேண்டியது இறுகிய பிறகு. பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசலோனா) சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் காயக் கூடாது. கூரைத் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள்.

கொத்தனார் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமையும் குடத்தோடு மாடி ஏறப்போவது வீட்டுக்காரர்தான். கூலிக்குக் கிடைக்காத உழைப்பு அது.