சலத்தடையும் லேசர் சிகிச்சையும்: பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க ஒரு பாடம்



விசேட பூசை நாட்களில் மண்டபத்தின் பின்வரிசையில், வாசலுக்கு அண்மையாகக் கதிரை தேடி உட்காரும் ஐயாமார் சிலரை நாம் கண்டிருக்கிறோம். தீபாராதனைக்கு முன் இரண்டு தடவை எழுந்து போவார்கள். கேட்டால், "குளிருக்கு இப்படித்தான் தம்பி" என்பார்கள். இரவில் நாலைந்து முறை எழும்புவது மனைவிக்கு மட்டுமே தெரியும். வைத்தியரிடம் போகும்போது மொழிபெயர்க்க மகளோ மருமகளோ கூட வருவதால் அங்கும் வாய் திறப்பதில்லை. இந்த வெட்கத்தினால் சிறுநீரகத்தையே கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆகவே இந்த இதழில் இதனைப் படிப்போம்.

நோய் என்ன?

ஆண்களின் சலப்பைக்குக் கீழே, சலக்குழாயைச் சுற்றி இருப்பது புரொஸ்ரேற் சுரப்பி. இளவயதில் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு, அதாவது ஏறக்குறைய 20 மில்லிலீற்றர். வயது போகப் போக இது பருக்கும். ஐம்பது வயதுகளில் உள்ள ஆண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இம்மாற்றம் உண்டு. சுரப்பி பருத்து நடுவிலுள்ள குழாயை நெருக்கும்போது சலம் மெலிதாகப் போகும், தொடங்கத் தாமதிக்கும், முடிந்த பின்னும் சொட்டும், அவசரம் தாங்காது.

இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதால் பரிசோதனை அவசியம். இரவில் அடிக்கடி எழும்புவதற்கு நீரிழிவும் காரணமாகலாம். நம்மவர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

முதற்படி

குடும்ப வைத்தியர் ஏழு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைத் தருவார். மொத்தப் புள்ளி 35. ஏழு வரை இலேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20க்கு மேல் கடுமையானது. உண்மையாக நிரப்புங்கள், இதை வைத்துத்தான் சிகிச்சையைத் தீர்மானிப்பார்கள்.

பலருக்கு மாத்திரையே போதும். ராம்சுலோசின் வகை மாத்திரைகள் சலவழியின் தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே பலன் தெரியும்; சடுதியாக எழும்பினால் தலை சுற்றலாம். கண்ணில் கற்றராக்ட் சத்திரசிகிச்சை செய்ய இருப்பவர்கள் இம்மாத்திரையைப் பற்றிக் கண் வைத்தியருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். பினஸ்ரரைட் வகை மாத்திரைகள் சுரப்பியைச் சுருக்கும். முழுப் பலனுக்கு ஆறு மாதம் வரை பொறுக்கவேண்டும்.

மாத்திரை பலன் தராவிட்டால், அல்லது சலம் திரும்பத் திரும்ப முற்றாக அடைபட்டால், சலப்பையில் கல் உண்டானால், கிருமித்தொற்று மீண்டும் மீண்டும் வந்தால், இரத்தம் போனால், சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் சத்திரசிகிச்சை வேண்டியிருக்கும். அப்போது கஷாயத்தைக் குடித்துக்கொண்டு மாதக்கணக்காகத் தள்ளிப்போடக் கூடாது.

பழைய முறையும் லேசர் முறைகளும்

1930களிலிருந்து செய்யப்படுவது ரி.யு.ஆர்.பி. என்னும் முறை. வயிற்றை வெட்டாமல், சலவழியால் கருவியைச் செலுத்தி, மின்சாரக் கம்பியினால் சுரப்பியைச் சிறுசிறு துண்டாகச் சீவி எடுப்பார்கள். இன்றும் மற்ற முறைகளை இதனோடுதான் ஒப்பிடுகிறார்கள். லேசர் முறைகளும் அதே வழியாகவே செய்யப்படுகின்றன.

1. கிறீன்லைற். இந்தப் பச்சை ஒளியை இரத்தத்திலுள்ள சிவப்பு நிறப்பொருள் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே சுரப்பி ஆவியாகும்போதே இரத்தக் குழாய்களும் மூடிக்கொள்ளும். இரத்தப்போக்கு குறைவு. இருதய நோய்க்காக இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இது பெரிய வசதி. குறை என்னவென்றால், எல்லாம் ஆவியாகிப் போவதால் ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கத் துண்டு எதுவும் மிஞ்சாது.

2. ஹொல்மியம், அதாவது ஹோலெப். தோடம்பழச் சுளைகளைத் தோலிலிருந்து விரலால் கழற்றுவதைப் போல, பருத்த பகுதியை முழுதாகக் கழற்றிச் சலப்பைக்குள் தள்ளி, பின்பு அரைத்து வெளியே எடுப்பார்கள். 1990களில் நியூசிலாந்து வைத்தியர் பீற்றர் கில்லிங் குழுவினர் இதை உருவாக்கினர். கனடாவில் மொன்றியால் மக்கில் பல்கலைக்கழகத்தின் வைத்தியர் மொஸ்தபா எல்ஹிலாலி இதில் முன்னோடி. எவ்வளவு பெரிய சுரப்பிக்கும் இது பொருந்தும். மீண்டும் வளர்ந்து மறுபடி சத்திரசிகிச்சை செய்ய நேர்வது அரிது. எடுத்த பகுதியைப் புற்றுநோய்க்காகப் பரிசோதிக்கலாம். ஆனால் கற்றுக்கொள்ளக் கடினமான முறை. கைதேர்ந்த வைத்தியர் வேண்டும். முதற் சில வாரங்கள் சலம் கசியலாம். பெரும்பாலும் தானாகவே மாறிவிடும்.

3. தூலியம். புதிய வகை. ஹொல்மியத்தைப் போலவே கழற்றி எடுக்கவும், ஆவியாக்கவும் பயன்படுகிறது.

ஒன்ராறியோவில் கிறீன்லைற்றையும் ரி.யு.ஆர்.பி.யையும் ஒப்பிட்ட மதிப்பீடு 2013 இல் வெளிவந்தது. ஆறு மாத முடிவில் நோயாளிகள் பெற்ற சுகம் இரண்டிலும் ஒத்திருந்தது. ஆனால் கிறீன்லைற் செய்தவர்களில் பெரும்பாலானோர் வைத்தியசாலையில் இரவு தங்காமலே வீடு திரும்பினார்கள். கனடிய சலநோய் வைத்தியர் சங்கத்தின் 2022 ஆம் ஆண்டு வழிகாட்டலும் இம்முறைகளை ஏற்றுக்கொள்கிறது.

ஆகவே சுருக்கம் இதுதான். சுரப்பி 30 முதல் 80 மில்லிலீற்றர் வரை என்றால் ரி.யு.ஆர்.பி., கிறீன்லைற், ஹோலெப் மூன்றும் பொருந்தும். இரத்தம் இளக்கும் மருந்து எடுப்பவர் லேசர் பற்றிக் கேட்கவேண்டும். சுரப்பி 80க்கு மேல் என்றால் ஹோலெப் பற்றிக் கட்டாயம் கேட்கவேண்டும். இல்லாவிடில் வயிற்றைத் திறந்து செய்யும் முறை வரலாம்.

சொல்லக் கூச்சப்படும் ஒன்று: இம்மூன்று முறைகளிலும் விந்து வெளியே வராமல் சலப்பைக்குள் திரும்பிப் போவது சாதாரணம். அதனால் உடலுக்குத் தீங்கில்லை. இல்லற உறவும் பெரும்பாலும் பாதிக்கப்படாது. ஆனால் இன்னும் பிள்ளை வேண்டும் என்பவர்கள் முன்னமே வைத்தியரோடு பேசவேண்டும்.

வைத்தியரிடம் கேட்க ஐந்து கேள்விகள்

என் சுரப்பியின் அளவு என்ன? எனக்கு எந்த முறை, ஏன்? இம்முறையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? என் இரத்த மருந்தை எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது? கதீற்றர் குழாய் எத்தனை நாள் இருக்கும்?

எல்லா வைத்தியசாலைகளிலும் எல்லா லேசரும் இல்லை. வேண்டிய முறை இங்கு இல்லையென்றால் வேறிடத்துக்கு அனுப்பும்படி கேட்பதில் பிழையில்லை. அவசியமான சத்திரசிகிச்சையை வைத்தியசாலையில் செய்தால் ஓஹிப் பணம் கட்டும். மகள் முன்னிலையில் பேச முடியாதென்றால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று நாள் குறிக்கும்போதே கேளுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மாரிகாலத்தில் மருந்துக் கடையில் தாமாகவே வாங்கும் தடிமன் மாத்திரைகளில் பல, மூக்கடைப்பைத் திறந்து சலத்தை அடைத்துவிடும். வாங்குமுன் மருந்தாளரிடம் கேளுங்கள். சலம் முற்றாக நின்று அடிவயிறு வலித்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ரெக்ஸ்டேலில் இருப்பவர்களுக்கு எற்றோபிக்கோ பொது வைத்தியசாலையின் அவசர பிரிவு அண்மையில் உள்ளது. அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 811 ஐ அழைத்தால் இரவிலும் தாதி ஒருவர் பதில் சொல்வார்.

பிள்ளைகளே, இந்தப் பக்கத்தை வாசித்த பின் அப்பாவின் மேசையில் விரித்து வைத்துவிட்டுப் போங்கள். நீங்கள் ஒன்றும் கேட்கவேண்டியதில்லை. அவர் தனியே வாசிப்பார்.