பிரவுசர் அப்டேட் ஆனதும் என்ன பார்க்கணும்?

லீவுக்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் மாமா வீட்டுக்குப் போனேன். அங்கே பழைய பிரவுசரை அப்டேட் செய்ததும் அறிவியல் பாட அனிமேஷன் ஓடவில்லை. "ஃபிளாஷ் பிளேயர் போடவும்" என்று ஒரு பெட்டி வந்தது. கிளிக் பண்ணப் போனேன். "இரு, இரு!" என்றார் மாமா.

ஃபிளாஷ் ஒரு பிளக்-இன். அதாவது பிரவுசரோடு சேர்ந்து வேலை செய்யும் துணை மென்பொருள். அடோபி நிறுவனம் 31-12-2020 உடன் அதை நிறுத்திவிட்டது. இப்போது அதைப் போடச் சொல்லும் பெட்டி வைரஸாக இருக்கலாம்!

ஃபிளாஷ் போனாலும் ஆட்-ஆன் என்ற துணைகள் இன்றும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பட்டியல் வரும். வேண்டாததை ஆஃப் பண்ணுங்க. நீங்கள் போடாததை நீக்குங்க. அப்டேட்டுக்குப் பின் புது அனுமதி கேட்டால், படித்துப் பார்த்தே 'சரி' கொடுங்க.

கேட்கிறவருக்கெல்லாம் வீட்டுச் சாவியைக் கொடுப்போமா?