செய்வித்தலும் உடன்படுதலும்: கணினி நிறுவனப் பங்குகளை ஆராயும் முறை

வினை மூவகையால் வந்து சேர்கிறது: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்தாரை உடன்படுதல். தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் உணர்த்தும் இவ்வுண்மை, பங்கு வாங்கும் சிராவகருக்கும் பொருந்தும். கணினித் தொழிலை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

பெயர் பெற்ற கணினி நிறுவனங்கள் பலவும் தம் கருவிகளைத் தாமே செய்வதில்லை. வடிவமைப்பையும் விற்பனையையும் தம்மிடம் வைத்துக்கொண்டு, உதிரிபாகங்களையும் இணைப்பு வேலையையும் ஒப்பந்த நிறுவனங்களிடம் விடுகின்றன. 1984இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தோன்றிய டெல் நிறுவனம், ஆணை வந்த பின்னரே கணினியை இணைக்கும் முறையால் 1990களில் பெரிதும் வளர்ந்தது. வாங்குவோரிடம் பணத்தை முன்னே பெற்று, உதிரிபாகம் வழங்கினோர்க்குப் பின்னே கொடுத்தது. முதல் முடங்காமையால் முதலீட்டாளர் இதனைப் போற்றினர். சரக்கிருப்பின் சுமையோ வழங்கினோர் தோளுக்கு மாறிற்று.

கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் மிகுசுமை ஏற்றுதலும் உணவு தடுத்தலும் அடங்கும். ஆப்பிள் நிறுவனத்திற்காகப் பொருள் செய்யும் பாக்ஸ்கான் நிறுவனத்தின் சீன ஆலைகளில், தொழிலாளர் வாரம் 60 மணி நேரத்துக்கு மேலும் உழைத்ததை 2012இல் நடந்த ஆய்வு காட்டியது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகிலுள்ள அந்நிறுவன ஆலையின் பெண் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். போராட்டம் எழுந்தது, ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில் மீண்டும் திறந்தது. அறக்கேடும் தொழில் நட்டமும் அங்கு ஒருசேர வந்தன.

ஆகவே, ஆண்டறிக்கையைப் படிக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புக:

1. பாகம் வழங்குவோர்க்கு எத்தனை நாளில் பணம் தரப்படுகிறது? நாள் மிக நீளுமாயின், இலாபத்தின் ஒரு பகுதி சிறு தொழிலாளர்கள் சுமக்கும் வட்டியே.

2. இன்றியமையாப் பாகம் ஒரே வட்டாரத்திலிருந்து வருகிறதா? 2011இல் தாய்லாந்து வெள்ளத்தால் ஹார்டு டிஸ்குக்கு உலகெங்கும் தட்டுப்பாடு நேர்ந்தது.

3. ஒப்பந்த ஆலைகளின் பெயர்களும் ஆய்வு முடிவுகளும் வெளியிடப்படுகின்றனவா? ஆப்பிள் தன் பட்டியலை முதன்முதலாக 2012இல் வெளியிட்டது.

பங்கு வாங்குதல் உடன்படுதலின் ஒரு வகை. ஆதாயத்தை ஏற்றுக்கொண்டு, அது வந்த வழியை அறியேன் என்பது சிராவகர்க்கு ஒவ்வாது. பங்குதாரர் கூட்டத்தில் வினவுதல் நம் உரிமை. தக்க விடை கிட்டாவிடின் அப்பங்கை விட்டு விலகுதல் நம் கடமை. பொருள் வரைதல் என்னும் விரதம் பூண்டோர், பொருளின் அளவோடு அது வரும் வழியையும் வரைந்து கொள்வாராக.