டிரெயிலருக்கு டிஸ்க் பிரேக்: குழாய் தேர்ந்தெடுக்கும் முறை

நெல் மூட்டை ஏற்றிய டிரெயிலர் பெரிய காஞ்சிபுரத்து ராஜவீதிகளின் ஜன நெருக்கத்தில் உடனே நிற்கவேண்டுமாயின், பிரேக்கின் விசை சிந்தாமல் சக்கரத்தை எட்டல் வேண்டும். டிரம் பிரேக்கை நீக்கி டிஸ்க் பிரேக் பொருத்தும் விவசாயிகள், பழைய குழாய்களையே வைத்துக்கொள்ளுதல் தகாது. டிரம்மில், சக்கரச் சுழற்சியே கட்டையை மேலும் இறுக்கும். டிஸ்க்கில் அவ்வுதவி இல்லை. ஆகவே அழுத்தம் மிகுதியாக வேண்டும். மின்விசையால் திரவத்தை உந்தும் சாதனங்களில், டிரம்முக்குச் சதுர அங்குலத்திற்கு 1,000 பவுண்டும் டிஸ்க்குக்கு 1,600 பவுண்டும் வழக்கம்.

சட்டத்தை ஒட்டி ஓடும் பகுதிக்கு எஃகுக் குழாயோ, செம்பும் நிக்கலும் கலந்த குழாயோ ஏற்றது. சேற்றில் இறங்கும் வண்டிக்குப் பின்னதே மேல், எஃகு துருவேறும். வளைக்க எளிதென்று, குளிர்பெட்டி பழுதுபார்ப்போரிடம் கிடைக்கும் தனிச் செம்புக் குழாயை வாங்கற்க. ஓயாத அதிர்வினால் அது விரிசல் காணும். அச்சு அசையுமிடத்தில் மட்டும் நெகிழ்குழாய் இடுக. நீண்ட ரப்பர் குழாய் உப்பி விசையை விழுங்குமாதலால், எஃகிழை பின்னிய குழாய் நன்று. குழாய் நுனியை இருமடிப்பாக விரித்தே இணைக்கவேண்டும்.

டிரம்முக்குரிய மிச்ச அழுத்த வால்வு இருப்பின் கழற்றிவிடுக. இன்றேல் டிஸ்க் உராய்ந்து சூடேறும். குழாயிலுள்ள காற்றை நீக்கி, சுமையின்றி ஓட்டி, இணைப்புகளில் கசிவில்லையெனக் கண்ட பின்னரே மூட்டை ஏற்றுக.