டி.வி.யில் ஓடும் பீம் புத்தகத்தில் எப்படி ஓடுகிறான்?

சோட்டா பீமைத் தெரியாதவங்க நம்ம பள்ளியில் உண்டா? டோலக்பூர், லட்டு, சுட்கி, ராஜு, ஜக்கு குரங்கு, காலியா எல்லாம் நமக்கு மனப்பாடம். அந்த பீம் காமிக்ஸ் புத்தகமாகவும் வந்தது தெரியுமா?

ஹைதராபாத்தில் ராஜீவ் சிலகா என்பவர் 2001-ல் கிரீன் கோல்டு அனிமேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே உருவான சோட்டா பீம் தொடர் 2008-ல் போகோ சேனலில் ஆரம்பித்தது. பிறகு அதே நிறுவனம் அதை காமிக்ஸாகவும் வெளியிட்டது.

ஒரு சின்னக் கணக்கு

நம்ம நாட்டு டி.வி.யில் ஒரு விநாடிக்கு 25 படங்கள் ஓடும். ஒரு கதை 10 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். 600 விநாடி × 25 = 15,000 படங்கள். அதே கதையை 20 பக்கப் புத்தகமாக்கி, பக்கத்துக்கு 5 கட்டம் போட்டால் 100 படங்கள்தான். மீதி 14,900 படத்தை யார் வரைவது? வாசிக்கிற நாம்தான், மனசுக்குள்ளே! ஒரு கட்டத்தில் பீம் கையை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் காலியா தரையில் கிடக்கிறான். நடுவில் விழுந்த அடியை நாமே பார்த்துக்கிறோம்.

எப்படி மாற்றுகிறார்கள்?

1. ஓட்டம்: பீமுக்குப் பின்னால் நாலு கோடு, காலடியில் புழுதி. ஓடுகிறான் என்று புரிந்துவிடும்.
2. சத்தம்: "டமார்", "தொபுக்கடீர்" என்று பெரிய எழுத்தாகிவிடும்.
3. குரல்: பேச்சு பலூனுக்குள் போகும். கத்தினால் பலூன் முள் முள்ளாக இருக்கும். மனசுக்குள் நினைத்தால் மேகம் மாதிரி இருக்கும்.
4. நேரம்: முக்கியமான இடத்துக்குப் பெரிய கட்டம், வேகமான இடத்துக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள்.

பொம்மைப் புத்தகம் படித்தால் படிப்பு கெடுமா?

வீட்டில் அப்படித்தான் சொல்றாங்க. எங்க பக்கத்து வீட்டுத் தம்பி மூன்றாம் வகுப்பு. பாடப்புத்தகத்தை எழுத்துக்கூட்டி ரெண்டு வரி வாசிச்சுட்டு மூடிருவான். பழைய நோட்டில் ஆறு கட்டம் போட்டு, காலியா லட்டு திருடி மாட்டிக்கிறதை வரைந்து, பேச்சைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். "என்னைய விட்ரு பீமு!" என்று காலியா குரலிலேயே வாசித்தான். படி என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் வந்து, "அடுத்து என்னக்கா?" என்று கேட்டான். டி.வி. நமக்காகக் காத்திருக்காது. புத்தகம் காத்திருக்கும். அதனால் மெதுவாக வாசிக்கிறவங்களுக்கும் அதில் இடம் உண்டு.

நம்ம பக்கத்தில்

பீம் டி.வி.யிலிருந்து புத்தகத்துக்கு வந்தான். நம்ம பக்கத்திலோ டி.வி.க்கு முன்னாடியே காமிக்ஸ் வந்துவிட்டது! சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972-ல் தொடங்கியது. முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்ததே 1975-ல்தான்.

செய்து பாருங்கள்

பிடித்த ஒரு கார்ட்டூன் காட்சியை ஆறே கட்டத்தில் வரையுங்கள். எதை வரையணும், எதை விடணும் என்று முதலில் யோசியுங்கள். ஒவ்வொரு பலூனிலும் நாலைந்து வார்த்தை போதும். அடுத்த இதழுக்குக் கொடுங்கள். இந்த உயரத்தில் வேண்டாம், சின்ன வகுப்புத் தம்பி தங்கைகள் கண்ணுக்கு எட்டுற மாதிரி கீழே ஒட்டுவோம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி